பாதிப்பு குறைவு

கரண்ட்காரருக்கு இப்போது வேலை என்று பார்த்தால், ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ராத்திரி பத்து மணி வரை அதற்குத்தான் சம்பளம். சப்ஸ்டேஷன் கட்டுப்பாட்டு அறையில் ஒரு சுழல் நாற்காலி, எதிரே மூன்று திரைகள், பக்கத்தில் புகார் எடுக்கிற தொலைபேசி. தினமும் மாலை ஆறரை வாக்கில் நடுத்திரையில் ஒரு கட்டம் வந்து நிற்கும். இன்ன ஃபீடரை ஆறு நாற்பதிலிருந்து நாற்பது நிமிடம் நிறுத்தப் போகிறேன் என்று சொல்லும். சம்மதம் என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் அதுவே தயாராகிவிடும். ஆட்சேபம் இருந்தால்தான் வேலை. வேறொரு ஃபீடரைத் தொட்டு, ஏன் என்று காரணம் எழுத வேண்டும். அந்தக் காரணம் தலைமை அலுவலகம் வரை போகும். கரண்ட்காரர் இந்தக் கோடை முழுக்க ஒரு காரணமும் எழுதவில்லை.

ஃபீடர் என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. சப்ஸ்டேஷனிலிருந்து ஒவ்வொரு பகுதிக்கும் மின்சாரத்தைக் கொண்டுபோகிற வழி. மொத்தம் ஒன்பது. ஒன்றாம் நம்பரில் ஆஸ்பத்திரி இருப்பதால் அதை யாரும் தொடுவதில்லை. மிச்சம் எட்டில், ஏழாம் நம்பர் வழியாகத்தான் அவர் குடியிருக்கிற தெருவுக்கும் அதைச் சுற்றிய பத்துப் பதினைந்து தெருவுக்கும் விளக்கு எரிகிறது. பிறகு அணைகிறது. அந்த அணைகிற விஷயத்தைத்தான் சொல்ல வந்தது.

இத்தனைக்கும் கரண்ட் கட்டைத் தலைமுழுகிவிடலாம் என்றுதான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் சொன்னார்கள். சப்ஸ்டேஷன் பின்னாலிருந்த காலி இடத்தில் பன்னிரண்டு வெள்ளைப் பெட்டிகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார்கள். ஒவ்வொன்றும் லாரி நீளம். உள்ளே பேட்டரி. பகலில் வெயில் கொளுத்தும்போது சூரிய மின்சாரம் மிஞ்சுகிறது அல்லவா, அதை வாங்கி அடைத்துவைத்துக்கொண்டு, சூரியன் இறங்கி ஜனங்கள் வீடு திரும்புகிற நேரத்தில் திருப்பிக் கொடுக்கும். கூடவே ஒரு மென்பொருள். நாளைக்கு எவ்வளவு வெயில், எத்தனை மணிக்கு எத்தனை ஏசி ஓடும், எந்தத் தெருவில் எத்தனை ஸ்கூட்டரை சார்ஜுக்குப் போடுவார்கள் என்பதையெல்லாம் முன்கூட்டியே கணித்துச் சொல்லும். கரண்ட்காரரும் நம்பினார். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "இனிமே கட்டுங்கிற பேச்சே கிடையாது" என்றார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் வேறெதையும் இவ்வளவு அடித்துச் சொன்னதில்லை.

முதல் கோடை சொன்னபடியே நடந்தது. வினை அங்கேதான் பிடித்தது. கட் இல்லை என்று தெரிந்தால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? ஒரு ஏசி இருந்த வீட்டில் இரண்டாவது வந்தது. இல்லாத வீட்டில் தவணையில் வந்தது. பெட்ரோல் வண்டியை விற்றுவிட்டு ஆளாளுக்கு சார்ஜ் போடுகிற ஸ்கூட்டர் வாங்கினார்கள். ஊருக்கு வெளியே ஜன்னலே இல்லாமல் ஒரு கட்டடம் எழும்பியது. உள்ளே மனுஷர்கள் பத்துப் பேர், கம்ப்யூட்டர் பத்தாயிரம். ஒரு சின்ன ஊர் தின்கிற மின்சாரத்தை அது ஒன்றே தின்றது. மூன்று வருஷம் தாங்கும் என்று வைத்த பேட்டரி ஒரே வருஷத்தில் மூச்சு வாங்கியது. ஒன்பது மணி வரை வர வேண்டிய சேமிப்பு எட்டு மணிக்கே காலியாகும் நிலை வந்தது. அதனால் மாலையில் ஒரு ஃபீடரை நாற்பது நிமிடம் நிறுத்தி இழுத்துப் பிடிப்பது என்று மென்பொருள் முடிவு கட்டியது. ஒரே ஒரு ஃபீடர்தான். தினமும் அதே ஏழாம் நம்பர்.

மூன்று வாரம் பார்த்துவிட்டு, மாதம் ஒருமுறை கம்பெனியிலிருந்து சோதனைக்கு வருகிற இன்ஜினியரம்மாவிடம் கேட்டார். அவருக்கு இவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

"ஏம்மா, தெனமும் ஏழே வருதே. மத்த நம்பரெல்லாம் அதுக்குத் தெரியாதா?"

"எல்லாம் தெரியும் சார். எதை நிறுத்தினா ஜனங்களுக்குக் கஷ்டம் கம்மின்னு அது தானாவே கத்துக்கிட்டது. பாடப்புத்தகம் உங்களோடதுதான்."

"என்னோடதா?"

"போன வருஷம் பழைய பதிவேடெல்லாம் ஸ்கேன் பண்ணினோமே! சாயங்கால ஷிஃப்ட் பூரா உங்க கையெழுத்து. நான் எத்தனையோ சப்ஸ்டேஷன் பார்த்தாச்சு சார். காரணம் எழுதுற இடத்துல பாதிப் பேர் கோடு போட்டு வெச்சிருப்பாங்க. மீதிப் பக்கத்துல டீக்கறை. உங்களோடதுல ஒரு வரி விட்டுப்போகல. ஏழாம் நம்பர் நிறுத்தம், பாதிப்பு குறைவு. ஏழாம் நம்பர் நிறுத்தம், பாதிப்பு குறைவு. அப்படியே இருபத்தாறு வருஷம். புகார் நோட்டையும் சேர்த்து வெச்சுப் பார்த்தோம். ஏழுலேருந்து புகாரே இல்ல. அப்புறம் அது வேற என்னத்த நினைக்கும்?"

கரண்ட்காரர் "ஓ" என்றார். இன்ஜினியரம்மா பாராட்டிவிட்ட திருப்தியில் பெட்டிகளைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்தப் பதிவேடுகளை அலமாரியிலிருந்து இறக்கி, தூசி தட்டி, பக்கம் பக்கமாக ஸ்கேன் மெஷினுக்குக் கொடுத்தவரும் கரண்ட்காரர்தான். நான்கு மாதம் அந்த வேலை. இருமல் வந்தது, தோள் வலித்தது. ஆனால் தன் எழுத்தைத் தானே பார்த்துப் பூரித்துப்போனார். மனுஷனுக்குப் பெருமைப்பட ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது.

ஏழாம் நம்பர் கதை அவர் வேலைக்கு வந்த புதிதில் ஆரம்பித்தது. அப்போது பேட்டரி ஏது, திரை ஏது? லோடு தாங்காவிட்டால் மேலிடத்திலிருந்து ஃபோன் வரும்: "பத்து மெகாவாட் இறக்குங்க." எந்த ஃபீடரை இறக்குவது என்பது நாற்காலியில் இருப்பவர் பாடு. இவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் குடியிருந்த தெருவில் கரண்ட் போனதே இல்லை. ஊர் முழுக்க இருட்டில் கிடந்தாலும் அந்தத் தெருவில் மட்டும் ரேடியோ பாடும். ஒருநாள் ஜனங்கள் திரண்டு வந்து கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த மனுஷர் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல நாலு கேள்வி கேட்டார்கள். மறுவாரம் மாற்றல். போகும்போது ஒருத்தர்கூடக் கை கொடுக்கவில்லை.

அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் கரண்ட்காரர். முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்தபோதே முடிவு செய்துவிட்டார்: நம் வீட்டை முதலில் அணைத்துவிடுவோம், அப்புறம் எவன் என்ன கேட்டுவிடுவான்? ஃபோன் வந்ததும் ஏழாம் நம்பரை இறக்குவார். அது போதவில்லை என்றால்தான் மற்றவை, முறை வைத்து. காரணம் என்ற கட்டத்தில் 'என் வீடு இதில் இருக்கிறது' என்றா எழுத முடியும்? பாதிப்பு குறைவு என்று எழுதினார். மறுநாளும் அதையே எழுதினார். சாயங்கால ஷிஃப்டை யாரும் விரும்புவதில்லை. இவர் கேட்டு வாங்கிக்கொண்டார். அதனால் அந்த இரண்டு வார்த்தையும் அவரோடு நிரந்தரமாகிவிட்டன. உண்மையில் பாதிப்பு குறைவா என்று ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

தெருவிலும் யாரும் புகார் சொன்னதில்லை. யாராவது ஃபோனை எடுத்தால் வீட்டில் இருப்பவர்களே தடுத்துவிடுவார்கள். "கரண்ட்காரர் வீட்லயே கரண்ட் இல்ல. நமக்கென்ன வந்துச்சு?" என்பார்கள். எதிரே வரும்போது ஸ்கூட்டரை நிறுத்தி வணக்கம் சொல்வார்கள். அந்த வணக்கம் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அவர் மனைவிக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. அப்புறம் சலித்துவிட்டது. ஐந்து வருஷமாக அவளுக்கு நரம்பில் ஒரு கோளாறு. சாதாரணமாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. உடம்பில் சூடு ஏறினால் மட்டும் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்காது, கண் மங்கும், கையில் பிடித்த டம்ளர் நழுவும். டாக்டர் சீட்டில் மருந்துகளுக்கும் மேலே முதல் வரியாக எழுதியிருந்தார்: அறை குளிர்ச்சியாக இருக்க வேண்டும். குடியிருப்பதோ மூன்றாவது மாடியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே. பகலெல்லாம் வெயிலைக் குடிக்கிற கூரை, சாயங்காலம் ஆனால் அத்தனையையும் வீட்டுக்குள் கக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் கரண்ட் போகும். இன்வெர்ட்டர் மின்விசிறியைச் சுற்றும், ஏசியை ஓட்டாது. மின்விசிறி அந்தச் சூட்டையே எடுத்து அவள் மேல் வீசும்.

பேட்டரிப் பெட்டிகளுக்கும் இருபத்தைந்து டிகிரிக்கு மேல் ஆகாது. ஏறினால் கட்டுப்பாட்டு அறையில் மணி அடிக்கும். ராத்திரி பகல் ஏசி. இதைக் கரண்ட்காரர் ஒருநாள் சாப்பிடும்போது வெகுளியாகச் சொல்லிவைத்தார்.

"பரவாயில்ல, அதுக்காவது மணி அடிச்சா ஓடறதுக்கு ஆள் இருக்கு" என்றாள் அவள்.

அவர் சாப்பாட்டை மென்று விழுங்கினார். கூடவே பதிலையும்.

இன்ஜினியரம்மா வந்துபோன விஷயத்தை அவர் வீட்டில் மூச்சுவிடவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி வரும்: மாற்ற முடியாதா? முடியும். மாற்ற ஒரு விரல் போதும். ஆனால் தன் வீட்டு ஃபீடரைத் தானே காப்பாற்றுவது என்பது, எதைச் செய்யமாட்டேன் என்று அவர் ஆயுசெல்லாம் உட்கார்ந்திருந்தாரோ அதைச் செய்வது. அப்படியே பத்து நாள் ஓடியது. தினமும் கட்டம் வந்தது. தினமும் கையைக் கட்டிக்கொண்டார்.

பதினோராம் நாள் ஆறு ஐம்பத்தெட்டுக்கு அவருடைய கைபேசி அடித்தது. கீழ்வீட்டுத் தையல்காரம்மா.

"அண்ணே, அக்கா சமையக்கட்டுல உக்காந்திருக்காங்க. கால் நிக்க மாட்டேங்குதாம். எழுப்பப் பார்த்தேன், என்னால முடியல. பயப்படாதீங்க, அடி எதுவும் இல்ல. ஈரத்துணி போட்டிருக்கேன். ரூம் குளுந்தா எந்திரிச்சிடுவேங்கிறாங்க. கரண்ட் எப்ப வரும்ணே?"

திரையில் ஏழாம் நம்பருக்கு நேராக எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. இன்னும் இருபத்திரண்டு நிமிடம். பக்கத்திலேயே 'திரும்பக் கொடு' என்ற பொத்தான். கைக்கு எட்டுகிற தூரம்கூட இல்லை. கையின் கீழேயே இருந்தது.

"இருபத்திரண்டு நிமிஷம்" என்றார்.

"அவ்வளவு நேரமா?" என்றாள் தையல்காரம்மா. கேட்டுவிட்டு அவளே, "சரிண்ணே, உங்க கையில என்ன இருக்கு" என்று ஆறுதலும் சொன்னாள்.

அந்த இருபத்திரண்டு நிமிடமும் அவர் எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாற்று ஆள் வராமல் அறையை விட்டுப் போகக் கூடாது, அது விதி. பொத்தானை அமுக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. அமுக்கவில்லை. ஏழு இருபதுக்குத் தானாக வந்தது.

அவர் வீடு சேர்ந்தபோது அவள் குளிர்ந்த அறையில், கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கோபம்கூட இல்லை. கோபப்படவும் உடம்பில் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும்.

"நடுவுல போட்டிருக்கலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுங்க."

பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. "போட்டிருக்கலாம்."

"அப்புறம்?"

"காரணம் எழுதணும்."

"பொண்டாட்டி தரையில கெடக்கான்னு எழுதினா ஒத்துக்க மாட்டாங்களா?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். பதிவேடு, ஸ்கேன், பாடப்புத்தகம், எல்லாம். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"அப்ப நீங்க ரிட்டயர் ஆனாலும் இது நிக்காது?"

"நிக்காது."

"நாம வீடு மாறிப் போனாலும் இந்தத் தெருவுக்கு நிக்காது?"

"நிக்காது."

"நல்லவர்னு பேர் எடுத்தது நீங்க. அதுக்கு விசிறிக்கிட்டு உக்காந்திருந்தது நானு. இனிமே என்னால முடியலங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவருக்கு ஒரு குறுக்குவழி தோன்றியது. புகார் இல்லை என்பதால்தானே ஏழு மாட்டிக்கொண்டது? புகார் வந்தால் மென்பொருள் தானாக மாற்றிக்கொள்ளும். இவர் ஒன்றையும் எழுத வேண்டாம், ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். இறங்கிப்போய்த் தையல்காரம்மாவின் கதவைத் தட்டினார். மேஜை முழுக்கத் துணி. நடுவில் மோட்டார் வைத்த தையல் மெஷின்.

"இன்னிக்கு சாயங்காலம் கரண்ட் போனதும் ஆபீஸுக்கு ஒரு ஃபோன் போட்டுப் புகார் குடும்மா. பக்கத்துல நாலு பேர்கிட்டயும் சொல்லிவை."

அவள் ஊசியில் நூல் கோப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "யார் மேல? உங்க மேலயா? நல்லாருக்கே! நீங்களே எடுப்பீங்க, நானே திட்டணுமா?"

"திட்ட வேண்டாம். கஷ்டமா இருக்குன்னு சொன்னாப் போதும்."

"கஷ்டம்தான். இல்லேன்னு யார் சொன்னா?" அவள் அதைச் சிரித்தபடியேதான் சொன்னாள். "வேலைக்குப் போறவங்க துணி வாங்க வர்ற நேரமே ஆறரை ஏழுதான். அந்த நேரத்துல மெஷின் ஓடாது. நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்கன்னு சொல்லியே பாதிப் பேரு மெயின்ரோட்டுக் கடைக்குப் போயிட்டாங்க. எதிர்வீட்டுப் புள்ளைங்க பரீட்சைக்குப் பஸ் ஸ்டாண்டு விளக்குல போய்ப் படிச்சதுங்க. அதெல்லாம் எத்தனை வருஷக் கதை. ஆனா உங்க வீட்லயும் இல்லையேண்ணே. அந்த நோவுல அக்காவே பொறுத்துக்கறாங்க. நாங்க ஃபோன் பண்ணினா நல்லாவா இருக்கும்? என்னால ஆகாதுண்ணே. தப்பா நினைக்காதீங்க."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? மாடிப்படி ஏறும்போது அவருக்கு முழங்கால் வலித்தது. தன் வீட்டை இருட்டாக்கிக்கொள்வது தன் இஷ்டம் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தார். ஏழாம் நம்பரில் ஆயிரத்து முந்நூறு வீடு. அவற்றில் ஒன்றுதான் அவருடையது. மற்றவர்களை யார் கேட்டது? தான் நல்லவனாக இருப்பதற்கு அத்தனை பேரையும் சேர்த்து இருட்டில் உட்காரவைத்திருக்கிறோம், அவர்களும் வணக்கம் சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. அன்று மத்தியானம் சாப்பிடப் பிடிக்காமல் வேலைக்குக் கிளம்பினார்.

ஆறரைக்குக் கட்டம் வந்தது. ஏழாம் நம்பர். கையைத் தூக்கினார், காரணம் எழுதுகிற இடத்தில் கோடு மின்னி மின்னி நின்றது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. யோசிப்பதற்குள் இரண்டு நிமிடம் முடிந்துவிட்டது. ஆறு நாற்பதுக்கு அணைந்தது.

ஆறு ஐம்பத்திரண்டுக்குப் புகார்த் தொலைபேசி அடித்தது.

"வணக்கம், சப்ஸ்டேஷன்."

"ஏழாம் நம்பர் ஃபீடர்ல கரண்ட் இல்லைங்க. புகார் எழுதிக்கறீங்களா?"

குரலைக் கேட்டதும் அவருக்கு நாற்காலி நழுவுவது போல இருந்தது. மனைவி. வீட்டுக்காரரிடம் பேசுகிற குரல் இல்லை. கவுன்டரில் நின்று பேசுகிற குரல்.

"ஏய், என்ன இது? உடம்பு எப்படி இருக்கு?"

"உடம்பப் பத்திக் கேக்க வேண்டாங்க. புகார எழுதுங்க. எழுதுவீங்களா, மாட்டீங்களா?"

"எழுதறேன்."

"என்ன கேக்கணுமோ வழக்கமாக் கேளுங்க."

கேட்க வேண்டியவை திரையில் வரிசையாக இருந்தன. படித்தார். "எத்தனை நேரமா கரண்ட் இல்ல?"

"இருபத்தாறு வருஷமா."

அவர் எழுதவில்லை. எதிர்முனையில் அவள் மூச்சு வாங்குவது கேட்டது. சூடு ஏறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

"எழுதியாச்சா?"

"எழுதறேன்."

"பாதிப்பு என்னன்னு கேக்கலையே."

"பாதிப்பு என்ன?" என்றார்.

"அத நீங்களே வந்து பார்த்து எழுதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இந்த முறை அவர் யோசிக்கவில்லை. 'திரும்பக் கொடு' என்பதை அமுக்கினார். பதிலுக்கு எதை நிறுத்துவது என்று திரை கேட்டது. ஒன்றில் ஆஸ்பத்திரி, அடுத்தது இரண்டு. வேறு விசேஷம் இல்லாமல் இரண்டாம் நம்பரைத் தொட்டார். காரணம் கேட்ட இடத்தில் இரண்டு விரலால் தட்டித் தட்டி எழுதினார்: 'ஏழாம் நம்பருக்குப் பாதிப்பு குறைவு என்று நான் எழுதிவந்தது உண்மை அல்ல. என் வீடு அதில் இருப்பதால், என்னை யாரும் குறை சொல்லக் கூடாது என்று அதை முதலில் நிறுத்தினேன். பாதிப்பு என்ன என்று பார்க்கவில்லை.' படித்துப் பார்த்தார். ஒரு எழுத்துப்பிழை இருந்தது, திருத்திவிட்டு அனுப்பினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு இன்ஜினியரம்மா கூப்பிட்டார். குரலில் பழைய கலகலப்பு இல்லை.

"சார், நேத்து எழுதினதைப் பார்த்தேன். அதை அப்படியே விட்டா, உங்க பதிவு மொத்தத்தையும் எடுத்துட்டுத்தான் அதுக்கு மறுபடி சொல்லிக்கொடுக்கணும். ஒண்ணு பொய்னா எது நிஜம்னு அதுக்குத் தெரியாது. வேணும்னா காரணத்தை மாத்தி, வீட்ல நோயாளி இருக்காங்கன்னு போடறேன். உங்க வீட்டு ஃபீடர் மட்டும் தப்பிச்சிடும். உங்க பேரும் கெடாது. இவ்வளவு நல்ல பதிவு சார், எனக்கே மனசு வரல."

நல்ல மனசுள்ள பெண். அப்படி மாற்றினால் ஏழாம் நம்பர் தப்பிக்கும். அதுவும் அவர் அங்கே குடியிருக்கிற வரைக்கும். பழைய நாற்காலிக்காரர் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

"எடுத்திடுங்கம்மா" என்றார்.

"மொத்தமுமா?"

"மொத்தமும்."

ஒரு வாரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தண்டனை எதுவும் இல்லை. 'சாயங்கால ஷிஃப்ட் பதிவுகள் நம்பத்தகாதவை என முடிவு செய்து நீக்கப்பட்டன' என்று ஒரே ஒரு வரி. இனிமேல் எட்டு ஃபீடரும் முறை வைத்து நிற்கும். யாருடைய முறை என்பது முந்தின நாளே கைபேசிக்குத் தகவலாகப் போகும். காலை ஷிஃப்ட்காரர் கடிதத்தைப் படித்துவிட்டுக் காவலாளியிடம், "பார்த்தியா, கடைசியில வீட்டுக்காகத்தான் எழுதியிருக்காரு" என்று சொன்னது இவர் காதிலும் விழுந்தது. எதற்குப் பயந்து இருபத்தாறு வருஷத்தை ஓட்டினாரோ அந்தப் பேச்சு வந்தே விட்டது. கேட்டார். வலித்தது. ஆனால் சண்டை போடும் அளவுக்கு இல்லை. அவர் எழுதிய பதிவேடுகள் நூற்றுப்பன்னிரண்டு கட்டும் அலமாரியிலேயே இருந்தன. பழைய காகிதக்காரரிடம் போடலாமா என்று யாரோ கேட்டார்கள். போடுங்கள் என்றார்.

அந்த வார விடுமுறை நாளில் அவர் மாலையில் வீட்டில் இருந்தார். விடுமுறை நாளிலும் மாலையானால் கடைத்தெருப் பக்கம் போய்விடுவார், அதனால் ஆறு நாற்பதுக்கு இந்த வீட்டில் உட்கார்ந்து அவருக்குப் பழக்கமே இல்லை. அந்த நேரத்துக்குச் சுவரில் கை வைத்தால் சுடும் என்பதே அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. மனைவி கட்டிலில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஆறு நாற்பது ஆனது, நாற்பத்தைந்து ஆனது. ஏசி ஓடிக்கொண்டேயிருந்தது. கீழே தையல் மெஷின் விடாமல் ஓடுகிற சத்தம் கேட்டது. அவருக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருப்பதற்குக் கூச்சமாகவும் இருந்தது. கால் மாற்றிக் கால் போட்டு உட்கார்ந்து பார்த்தார். எழுந்து நின்று பார்த்தார்.

அவள் கண் விழித்தாள். முதலில் ஏசியைப் பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்தாள். போர்வையிலிருந்து காலை எடுத்துத் தரையில் ஊன்றி நின்றாள். கால் நின்றது.

"போகலையா?"

"போகல."

"இன்னிக்கு யாருக்குப் போயிருக்கு?"

"அஞ்சாம் நம்பருக்கு."

அவள் ஜன்னல் பக்கம் நடந்து போனாள். தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. தூரத்தில், கட்டடங்களுக்குப் பின்னால், ஒரு பகுதி மட்டும் கறுப்பாகத் தெரிந்தது.

"அங்க யாரெல்லாங்க இருக்காங்க?" என்று கேட்டாள்.

ஐந்தாம் நம்பரில் எத்தனை கம்பம், எத்தனை டிரான்ஸ்ஃபார்மர், எத்தனை மெகாவாட் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். அங்கே யார் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை.